எட்டுக் குருவிகள்

மனிதன் எண்ணாத பொருள் உலகத்தில் இல்லை. பணத்தை எண்ணுகிறோம், ஓட்டுக்களை எண்ணுகிறோம், கல்யாணப் பந்தியில் போட்ட இலைகளை எண்ணிச் சமையற்காரரோடு சண்டைகூடப் போடுகிறோம். ஆனால், ஓட்டுக் கூரையின்மேல் உட்கார்ந்து சதா கத்திக்கொண்டிருக்கும் சிட்டுக்குருவியை யாராவது எண்ணியதுண்டா? அப்படி ஒருவர் நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கிளம்பினால், "பாவம், நல்ல குடும்பத்துப் பிள்ளை, இப்படி ஆகிவிட்டதே!" என்று அக்கம்பக்கத்தார் அனுதாபப்படுவார்கள்.

1925-ஆம் வருஷம் இலையுதிர்காலத்தின் கடைசியில், லண்டன் நகரத்தில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். ஒருவர் பெயர் மாக்ஸ் நிக்கல்சன், வயது இருபத்தொன்று. மற்றவர் அவருடைய சகோதரர் பேஸில். கென்ஸிங்டன் தோட்டம் என்னும் பூங்காவுக்குள் போய், அங்கே இருந்த சிட்டுக்குருவிகள் அத்தனையையும் எண்ணினார்கள். கணக்கு 2,603 என்று வந்தது. எழுதி வைத்துக்கொண்டார்கள்.

பத்திரிகைக்காரர்கள் தலைப்பில் போடத்தக்க எண் அல்ல அது. ஆனால் முக்கால் நூற்றாண்டுக்குப் பிற்பாடு அது ஒரு பெரிய வழக்கில் முதல் சாட்சியாக வந்து நின்றது. காணாமற்போனவை குருவிகள். போகடித்தது யார் என்பது வழக்கு.

வழக்குக்குப் போகுமுன் சம்பவம் நடந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் அல்லவா? லண்டனின் மேற்குப் பாகத்தில் ஹைட் பார்க் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் மேற்கே விரிந்து கிடப்பதுதான் கென்ஸிங்டன் தோட்டம். பரப்பு சுமார் 265 ஏக்கர். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நிலம். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துச் சந்நியாசிகளுக்குச் சொந்தம். பல மனைவியரை மணந்து புகழ்பெற்றாரே எட்டாம் ஹென்றி, அந்த மகாராஜா மான் வேட்டைக்கு இடம் போதவில்லை என்று 1536-ல் அதை எடுத்துக்கொண்டார். 1689-ல் மூன்றாம் வில்லியம் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு ஆஸ்துமா. நகரத்துப் புகை ஒத்துக்கொள்ளாமல், அப்போது கிராமாந்தரமாக இருந்த கென்ஸிங்டனில் ஒரு மாளிகையை வாங்கிக்கொண்டு குடியேறினார். அந்த அரண்மனையைச் சுற்றிய நந்தவனம்தான் பின்னால் பெரிய தோட்டம் ஆயிற்று. இரண்டாம் ஜார்ஜின் ராணி கரோலின் 1730-ஐ ஒட்டி அங்கே ஓடிய ஒரு சிற்றோடையை மறித்து நீண்ட ஏரி ஒன்றை உண்டாக்கினாள். தோட்டத்துக்குள் இருக்கும் பகுதிக்கு 'லாங் வாட்டர்' என்று பெயர். ஹைட் பார்க்குக்குள் போகும் பகுதிக்கு 'ஸெர்ப்பன்டைன்' என்று பெயர். சனிக்கிழமைகளில் மட்டும், அதுவும் யோக்கியமாக உடுத்தியவர்களாகப் பார்த்து, பொதுஜனங்களை உள்ளே விட்டார்கள். குருவிகளுக்கு அந்த நிபந்தனை இல்லை.

ராஜாக்களுக்குப் பறவைகளின்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. சற்றுத் தள்ளி ஸெயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் இரண்டாம் சார்லஸ் கூண்டுகள் வைத்துப் பறவைகள் வளர்த்தார். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் 'பறவைக் கூண்டு நடை' என்றுதான் பெயர். 1664-ல் ருஷ்ய நாட்டு ஸ்தானாதிபதி அவருக்குக் கூழைக்கடாக்களைப் பரிசாகக் கொடுத்தார். அதற்கடுத்த வருஷம் அங்கே போய்ப் பார்த்த ஜான் ஈவ்லின் என்னும் கனவான், கால் ஒடிந்த ஒரு கொக்குக்கு மரக்கால் பொருத்தியிருந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். செய்து கொடுத்தவர் ஒரு சிப்பாயாம்! மனிதர்களுக்கே மரக்கால் சரியாக அமையாத காலத்தில் கொக்குக்கு அமைந்தது. ஆனால் இதெல்லாம் அயல்நாட்டிலிருந்து வந்த விருந்தாளிப் பறவைகளுக்கு நடந்த உபசாரம். உள்ளூர்க் குருவியைப் பற்றி ஈவ்லினோ ராஜாவோ கவலைப்படவில்லை.

நமக்குப் பருவங்கள் ஆறு. ஆனாலும் வெயில் ஒன்றுதான். ஆங்கிலேயருக்குப் பருவங்கள் நாலே நாலு. ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தில் நாடகம் மாறுகிறது, நடிகர்களும் மாறுகிறார்கள்.

வசந்த காலத்தில் லாங் வாட்டரில் கொண்டை முக்குளிப்பான்கள் ஜோடி ஜோடியாக நடனமாடும். ஆணும் பெண்ணும் எதிரெதிரே வந்து கழுத்தை நிமிர்த்தித் தலையை இப்படியும் அப்படியும் அசைக்கும். பிறகு முழுகி நீர்ப்பாசியை அலகில் கவ்விக்கொண்டு மேலே வந்து, மார்போடு மார்பு பொருத்தித் தண்ணீரின்மேல் நின்றாடும். நம் சினிமா நடன ஆசிரியர்கள் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். இந்தப் பறவைக்கு ஒரு பயங்கரமான பூர்வ கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீமாட்டிகளுக்கு இதன் மார்பு இறகு பட்டுப்போல் இருந்தது பிடித்துப் போயிற்று. குளிர்காலத்தில் கைகளை நுழைத்துக்கொள்ளும் உறை செய்வதற்காகச் சுட்டுத் தள்ளினார்கள். 1860 வாக்கில் இங்கிலாந்து முழுவதிலும் சில டஜன் ஜோடிகளே மிஞ்சின. அப்புறம் சட்டங்கள் வந்தன. சட்டத்தைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்று 1889-ல் நடந்தது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் எமிலி வில்லியம்ஸன் என்ற அம்மாள், "பறவை இறகு வைத்த தொப்பி அணியமாட்டோம்" என்று சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தாள். பெண்களின் நாகரிகம் அழித்ததைப் பெண்களே நிறுத்தினார்கள். அந்தச் சங்கம்தான் இன்று பறவைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கம் என்று பெரிய ஸ்தாபனமாக விளங்குகிறது.

கோடையில் வாத்துக் குஞ்சுகள், வானத்தில் உழவாரன்கள். அதிகம் சொல்வதற்கில்லை, இலை அடர்ந்த மரத்துக்குள் எந்தப் பறவை இருக்கிறதென்று கண்டுபிடிப்பதே பிரயாசை.

இலை உதிர்ந்தால்தான் உண்மை தெரியும். அதனாலேயே எண்ணுகிறவர்களுக்கு உகந்த பருவம் இலையுதிர்காலம். மரங்கள் மொட்டையாக நிற்கும்; குஞ்சு பொரித்து வளர்க்கும் களேபரம் ஓய்ந்திருக்கும்; கோடைப் பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் பிரயாணமாகியிருக்கும். மிஞ்சி நிற்பவை வீட்டோடு இருப்பவை. நிக்கல்சன் சகோதரர்கள் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.

குளிர்காலத்து விருந்தாளி கடற்காகம். 1890-களில் தேம்ஸ் நதியே உறையும்படி சில கடுங்குளிர்காலங்கள் வந்தன. பசியால் கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாக நகரத்துக்குள் புகுந்தன. பாலங்களின்மேல் நின்று வேடிக்கை பார்த்த கூலித் தொழிலாளிகள் தங்கள் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ரொட்டித் துண்டுகளை எறிந்தார்கள். அதுமுதல் வருஷம் தவறாமல் வருகின்றன.

இப்படி வருவதும் போவதுமாக இருக்கும் பறவைகளை ஜனங்கள் கவனித்தார்கள். முதல் கடற்காகம் வந்தால் செய்தி. முதல் குயில் கூவினால் பத்திரிகைக்குக் கடிதம். சிட்டுக்குருவி எங்கும் போவதில்லை, எங்கிருந்தும் வருவதில்லை. பிறந்த இடத்திலிருந்து ஒரு மைல் தூரம் தாண்டாமலே அநேகக் குருவிகளின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அதன் வரவுக்கு நாள் குறிக்க முடியாது. ஆகவே அது போனபோதும் நாள் குறிப்பார் இல்லை.

மறைந்துபோகும் பறவைகளுக்காகப் பேனாவை எடுத்தவர்களில் ஒருவர் நாவலாசிரியர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் ஜாதி அபிமானம் உண்டு. டபிள்யூ. ஹெச். ஹட்ஸன் 1841-ல் அர்ஜென்டினாவில் பிறந்தவர். 1874-ல் இங்கிலாந்துக்கு வந்தார். மனைவி வாடகைக்கு ஆள் வைத்துச் சாப்பாடு போடும் விடுதி நடத்தினாள், அதில் நஷ்டம். கென்ஸிங்டன் தோட்டத்துக்கு வடக்கே மங்கலான தெருவொன்றில் வெகு காலம் வறுமையில் உழன்றார். காசு இல்லாதவனுக்குப் பூங்காதானே உல்லாசம்? நடந்தார், பார்த்தார், 1898-ல் லண்டன் பறவைகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். 1880-ல் கென்ஸிங்டன் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான பழைய மரங்களை அதிகாரிகள் வெட்டித் தள்ளினார்கள். அவற்றில் காலங்காலமாகக் கூடு கட்டி வந்த ஒரு ஜாதிக் காக்கைகள் தோட்டத்தையே விட்டுப் போய்விட்டன. ஹட்ஸனுக்கு அது கடைசி வரையில் ஆறாத மனப்புண்.

அவர் 1922-ல் இறந்தார். அவருக்கு ஹைட் பார்க்கில் ஒரு நினைவுச் சிற்பம் வைத்தார்கள். அவருடைய நாவலில் வரும் ரீமா என்னும் கானகப் பெண்ணின் உருவம், சுற்றிலும் பறவைகள், செதுக்கியவர் ஜேக்கப் எப்ஸ்டைன். 1925 மே மாதம் பிரதம மந்திரி பால்ட்வின் திரையை விலக்கினார். விலக்கியதும் பிடித்தது சண்டை! ஆபாசம் என்றார்கள், அவலட்சணம் என்றார்கள், உடனே பெயர்த்தெடு என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன. அந்த வருஷம் முடிவதற்குள் யாரோ இரவில் வந்து சிற்பத்தின்மேல் பச்சைச் சாயத்தை அப்பிவிட்டுப் போனார்கள். லண்டன் முழுவதும் கல்லில் செதுக்கிய பறவைகளைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த அதே வருஷத்தில்தான், கூப்பிடு தூரத்தில், இரண்டு வாலிபர்கள் உயிருள்ள குருவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் குருவிக்கு என்ன மரியாதை இருந்தது தெரியுமா? எட்டு வருஷத்துக்கு முன்னால், 1917-ல், முதல் உலக யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, தானியத்தைத் தின்கிறது என்று குற்றம் சாட்டி, ஊர் தோறும் 'எலி, குருவி ஒழிப்புச் சங்கங்கள்' அமைக்கும்படி சர்க்காரே தூண்டியது. தலைக்கு இவ்வளவு, முட்டைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள். எலிக்குச் சமமான அந்தஸ்து! ஒழித்தாலும் ஒழியாத ஜந்து என்பதே எல்லாருடைய நம்பிக்கையும்.

நிக்கல்சன் விஷயத்துக்கு வருவோம். எண்ணிக்கை முடிந்த மறு வருஷமே இங்கிலாந்துப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 1928-ல் நாடு முழுவதும் நாரைக் கூடுகளை எண்ணுவதற்கு ஜனங்களைத் திரட்டினார். 1931-ல், பறவைகளை விட்டுவிட்டு, பிரிட்டன் தேசத்துக்கே ஒரு திட்டம் தீட்டிப் பத்திரிகையில் போட்டார். இரண்டாவது யுத்தத்தில் எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு எவ்வளவு ஏற்றுவது என்று பங்கிடும் பெரிய உத்தியோகம் அவரிடம் வந்தது. குருவி எண்ணின கை கப்பல் எண்ணிற்று. சர்ச்சிலின் பரிவாரத்தோடு யால்டாவுக்கும் போட்ஸ்டாமுக்கும் போய் வந்தார். 1952-லிருந்து 1966 வரையில் இயற்கைப் பாதுகாப்பு இலாகாவின் தலைவர். 1961-ல் உலக வனவிலங்கு நிதியை ஆரம்பித்தவர்களில் ஒருவர்.

இவ்வளவு உயரத்துக்குப் போனவருடைய அந்தச் சின்னக் கணக்கை மட்டும் லண்டன் பறவைப் பிரியர்கள் மறக்கவில்லை. அதே தோட்டம், அதே இலையுதிர்காலத்தை ஒட்டிய நாட்கள், அதே வேலை. 1948-ல் எண்ணியபோது குருவிகள் 885. 1966-ல் 642. 1975-ல் 544. 1995-ல் 46.

2000-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், முதல் எண்ணிக்கையின் எழுபத்தைந்தாவது ஆண்டில், மறுபடியும் எண்ணினார்கள். எட்டு.

எண்ணுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவது உலக வழக்கம். இங்கே முதல் எண்ணை எழுதியவர் கடைசி எண்ணைக் கேட்கும்படி உயிரோடிருந்தார். நிக்கல்சனுக்கு அப்போது தொண்ணூற்றாறு வயது. ஒரு மனித ஆயுளுக்குள்ளே, ஒரு பூங்காவுக்குள்ளே, 2,603 எட்டாகிவிட்டது.

இனி, யார் குற்றவாளி?

முதல் வீழ்ச்சிக்குக் காரணம் சொல்வது கஷ்டமல்ல. பழைய லண்டன் குதிரைகளின் லண்டன். வண்டிக் குதிரையின் வாயில் மாட்டிய தீனிப்பையிலிருந்து ஓட்ஸ் சிந்தும்; சாணத்திலும் செரிக்காத தானியம் கிடக்கும். தெருத் தெருவாகக் குருவிகளுக்கு அன்னசத்திரம். மோட்டார் வந்தது; குதிரை போயிற்று; சத்திரம் மூடிவிட்டது. 2,603 எண்ணூற்றுச் சொச்சமாக இறங்கியது இதனால்தான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் 1975-ல் லண்டன் தெருவில் குதிரை ஏது? 544 இருந்தது 46 ஆகி, 46 எட்டானதற்குக் குதிரையை இழுக்க முடியாது. 2000-ஆம் வருஷம் 'தி இண்டிபெண்டன்ட்' என்னும் பத்திரிகை, இந்த மர்மத்தை விஞ்ஞான ரீதியில் துலக்குகிறவர்களுக்கு 5,000 பவுன் பரிசு என்று அறிவித்தது. துப்பறியும் நாவல் தோற்றுவிடும். பூனை என்றார்கள் சிலர். வல்லூறு என்றார்கள் சிலர். வீட்டுக் கூரைகளைப் பழுது பார்த்துச் சந்துபொந்துகளை அடைத்துவிட்டார்கள், கூடு கட்ட இடமில்லை என்றார்கள். வீட்டு முன் தோட்டங்களில் கார் நிறுத்தக் கல் பாவிவிட்டார்கள், புழு பூச்சி இல்லை என்றார்கள். குருவிகளைப் பற்றி ஆயுள் முழுவதும் ஆராய்ந்த டெனிஸ் சம்மர்ஸ்-ஸ்மித் என்பவர் ஒரு இஞ்சினீயர். அவருக்கு ஈயமில்லாத பெட்ரோலின்மேல் சந்தேகம். ஈயத்துக்குப் பதிலாகச் சேர்க்கும் ரசாயனம் பூச்சிகளைக் கொல்லுகிறதோ என்பது அவர் கட்சி. லெஸ்டர் நகரத்தில் கூடு கூடாகச் சோதித்துப் பார்த்ததில், பூச்சி கிடைக்காமல் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் சாவது தெரியவந்தது. வளர்ந்த குருவி ரொட்டித் துண்டைத் தின்று பிழைத்துக்கொள்ளும். குஞ்சுக்குப் புழு வேண்டும். 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, லண்டன் குருவிகளின் ரத்தத்தில் பறவை மலேரியாக் கிருமி மிகுதியாக இருப்பதையும், கிருமி மிகுந்த இடத்தில் குருவிகள் விரைவாகக் குறைவதையும் காட்டியது. ஐயாயிரம் பவுன் யாருக்கும் போகவில்லை.

நம் ஊரில் இந்த வழக்கு வெகு சீக்கிரம் தீர்ப்பாகிவிட்டது. கைப்பேசிக் கோபுரம்தான் குற்றவாளி! 2018-ல் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த '2.0' படம் அந்தத் தீர்ப்புக்கு முத்திரையும் குத்திவிட்டது. கதைக்குப் பொருத்தமான கற்பனைதான். கதை எழுதுகிறவனாகிய நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கென்ஸிங்டன் கணக்கை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். 1975-ல் இருந்த குருவிகளில் பத்தில் ஒன்பது பங்கு போனது 1975-க்கும் 1995-க்கும் இடையில். 1975-ல் கைப்பேசி கிடையவே கிடையாது. 1995-லும் அது பணக்காரர்கள், வியாபாரிகள் கையில்தான். கொலை நடந்த நேரத்தில் எதிரி ஊரிலேயே இல்லை என்று வக்கீல்கள் வாதாடுவார்களே, அந்த வாதத்துக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கின்றன. குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும் சக்தி எண்ணுக்கு இல்லாவிட்டாலும், நிரபராதியை விடுவிக்கும் சக்தி உண்டு.

அந்த சௌகரியம் நமக்கு இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வந்த அறிக்கை, தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கால் நூற்றாண்டாகச் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறதென்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்து வருவது தெரிகிறதென்றும் சொல்லுகிறது. ஆயிரக்கணக்கான பறவைப் பிரியர்கள் அனுப்பிய குறிப்புகளிலிருந்து கூட்டிக் கழித்து எடுத்த முடிவு அது. அதற்கு முந்திய காலத்துக்கு என்ன கதி? அரிசி புடைக்கும் முற்றத்தில் எத்தனை குருவி வந்தது என்று நம் பாட்டிமார்களுக்கு ஞாபகம் இருந்தது. நோட்டுப் புத்தகம் இருக்கவில்லை. "எங்கள் காலத்தில் எவ்வளவு குருவி!" என்பதை எந்தக் கோர்ட்டும் சாட்சியமாக ஏற்றுக்கொள்ளாது.

2002-ல் பிரிட்டனில் ஆபத்துக்குள்ளான பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சிட்டுக்குருவியைச் சேர்த்தார்கள். எலியோடு சேர்த்து ஒழிக்கச் சொல்லி எண்பத்தைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மறு வருஷம் ஏப்ரலில் மாக்ஸ் நிக்கல்சன் காலமானார்.

கென்ஸிங்டன் தோட்டம் சூனியமாகிவிடவில்லை. லாங் வாட்டர் கரையில் பீட்டர் பான் சிலை இருக்கிறது. 1912-ல் ஒரே இரவில் ரகசியமாக நிறுத்திய சிலை. குழந்தைகள் எல்லாரும் பிறப்பதற்கு முன் பறவைகளாக இருந்தவர்கள் என்று கதை சொன்ன பாரியின் கற்பனைப் பிள்ளை அவன். அந்தச் சிலைக்குப் பக்கத்தில் இன்று ஜனங்கள் ஆப்பிள் துண்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மரத்திலிருந்து கீச்சென்று கத்திக்கொண்டு இறங்கி, கையின்மேலும் தலையின்மேலும் உட்கார்ந்து தின்கிறவை யாருமில்லை, நம்முடைய பச்சைக்கிளிகள்தாம். கழுத்தில் சிவப்பு ஆரம் போட்டுக்கொண்டு, மதுரையில் ஜோசியர் சீட்டெடுக்க வைத்திருந்த அதே ஜாதிக் கிளி. வளர்ப்புக் கிளிகள் கூண்டிலிருந்து தப்பிப் பெருகியவை. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் குஞ்சு பொரிக்கத் தொடங்கின. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்னும் பாடகர் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார், அதன் சந்ததிதான் எல்லாம் என்று ஒரு கதை லண்டனில் உலவுகிறது. 2019-ல் ஆராய்ந்தவர்கள் அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மரபணுவைச் சோதித்தவர்கள் பூர்வீகம் பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியா என்கிறார்கள். இங்கிலாந்தின் குளிரையும் அவை பொருட்படுத்துவதில்லை. குருவிகளை அவை விரட்டின என்று நினைத்துவிட வேண்டாம். கிளி வாழ்வது மரப்பொந்தில். குருவிக்கு வேண்டியது கூரைச் சந்து. இருவருக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு அதிகம் இல்லை.

மாலை மங்கியதும் லண்டன் கிளிகள் கூட்டம் கூட்டமாகச் சில குறிப்பிட்ட மரங்களில் போய் அடைகின்றன. அந்த மரங்களின் கீழே, குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகமும் கையுமாகச் சிலர் நின்று அவற்றை எண்ணியிருக்கிறார்கள்.